தூக்கிப் போடாதீங்க, திறந்து பாருங்க!



2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அண்ணனோ அக்காவோ வாங்கி வந்த அந்த மடிக்கணினி நம்மில் பலர் வீட்டுப் பரணில் தூங்குது. "ரொம்ப ஸ்லோ, புதுசு வாங்கிக் குடுங்க" என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். பணம் அப்பா அம்மாவின் உழைப்பில் இருந்துதானே வரணும்?

என் கருத்து: முதலில் ராம் கூட்டிப் பாருங்க. ஹார்டு டிஸ்க் பீரோ என்றால், ராம் நாம் எழுதும் மேசை. மேசை சின்னதா இருந்தா ஒவ்வொரு புத்தகத்துக்கும் பீரோவுக்கு ஓடணும். கணினி திணறுவதும் பெரும்பாலும் இதனால்தான். பழைய மாடல்கள் பலவற்றில் அடிமூடியைக் கழற்றினால் ராம் செருகும் இடம் தெரியும். ஆனால் வகை பார்த்து வாங்கணும். மடிக்கணினியின் டிடிஆர்3 ராமுக்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. 32-பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை.

"அப்படியே கிராபிக்ஸ் கார்டும் மாத்தலாமா?" என்று கேம் பிரியர்கள் கேட்பீர்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் முடியாது. அது பிராசசருக்குள்ளேயே இருக்கும், அல்லது போர்டில் பற்றவைத்திருக்கும். ஆனால் ஒரு நல்ல சேதி! பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ், ராமில் ஒரு பங்கைத்தான் கடன் வாங்கி வேலை செய்யுது. ஒரே அளவில் இரண்டு ராம் போட்டால் அதற்கும் கொஞ்சம் தெம்பு வரும். அதுக்காகப் புது கேம் எல்லாம் ஓடும்னு கனவு காணாதீங்க!

என் வருத்தம் வேறு. 2012-ல் ஆப்பிள் தன் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ராமையே போர்டோடு பற்றவைத்தது. இன்று பல கம்பெனிகளின் மெல்லிய மடிக்கணினிகளும் அப்படித்தான். மெல்லிசா இருக்கும், மின்சாரமும் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் ராம் போதவில்லை என்றால் மொத்தக் கணினியையும் அல்லவா மாற்ற வேண்டியிருக்கு? 2023-ல் ஃபிரேம்வொர்க் என்ற நிறுவனம் அறிவித்த 16 அங்குல மடிக்கணினியில் ராம் மட்டுமல்ல, கிராபிக்ஸையும் கழற்றி மாட்டலாம். மனமிருந்தால் மார்க்கம் உண்டுதானே!

கடையில் கலரையும் எடையையும் கேட்கும் நாம், "பின்னாடி ராம் கூட்ட முடியுமா?" என்றும் கேட்போம். முடியாது என்றால் வேறு மாடல் காட்டச் சொல்வோம். வாங்குகிற நாம் கேட்காவிட்டால், விற்கிறவர் ஏன் கவலைப்படப் போகிறார்?

சிந்திப்பீர்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி