பெட்டியைப் பிரிக்கலாமா அப்பா?

பொம்மைக் கார் வாங்கப் போகும் பெற்றோரின் கண் முதலில் போவது பெரிய பெட்டி மேல்தான். ரிமோட் இருக்கிறதா, லைட் எரிகிறதா, சைரன் அடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். விலையும் அதற்கேற்ப எகிறும். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சைரன் அலறும். அப்புறம் பேட்டரி தீர்ந்துவிடும். அல்லது தீர்ந்துவிட்டது என்று அம்மா சொல்லிவிடுவார் :-)

இந்த மாதிரி பொம்மையில் அப்பாவுக்கு என்ன வேலை? காசு கொடுப்பது, பேட்டரி மாற்றுவது. பிள்ளைக்கு என்ன வேலை? பட்டனை அமுக்குவது. யோசித்துப் பார்த்தால் விளையாடுவது கார்தான், மற்ற இரண்டு பேரும் வேடிக்கை பார்க்கிறார்கள்!

இதற்கு நேர் எதிராக இன்னொரு ஜாதி உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன உலோகக் கார். மோட்டார் கிடையாது, லைட் கிடையாது, சத்தம் வேண்டுமென்றால் பிள்ளையே வாயால் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் பெற்றவர்களையும் பிள்ளையையும் ஒரே தரையில் உட்கார வைக்கும் திறமை இதற்குத்தான் இருக்கிறது. அது தற்செயல் அல்ல. யாரோ உட்கார்ந்து யோசித்து வடிவமைத்ததால் வந்தது.

முதலில் அளவு. லண்டனில் லெஸ்னி என்ற நிறுவனம் 1953-இல் ராணி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்காக ஒரு குட்டி ராஜ ரதம் செய்தது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்த நிறுவனத்தின் பங்குதாரரும் பொறியாளருமான ஜாக் ஓடெலின் மகள் படித்த பள்ளியில் ஒரு விதி: தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டு வரலாம். வேறு அப்பாவாக இருந்தால் டீச்சரிடம் போய் சண்டை போட்டிருப்பார். ஓடெல் ஒரு ரோடு ரோலரைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து வந்ததுதான் மேட்ச்பாக்ஸ். (கார், லாரி எல்லாம் ஆண் பிள்ளைகளுக்குத்தான் என்பவர்கள் கவனிக்க: அது மகள்!)

எல்லாவற்றையும் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடைத்ததால் ஒரு வேடிக்கையும் நடந்தது. பஸ்ஸும் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளம். பிள்ளைகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. "அதெப்படி கார் பஸ் அளவுக்கு இருக்கும்?" என்று கவலைப்படுவது அப்பாக்கள்தான்.

அடுத்தது சக்கரம். சின்ன உலோகக் கார்களைத் தள்ளிவிட்டால் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும், அதுதான் வழக்கம் என்றிருந்த காலத்தில், 1968-இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ஹாட் வீல்ஸைக் கொண்டு வந்தது. தடித்த அச்சுக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பி, உராய்வு குறைந்த பிளாஸ்டிக் தாங்கி. அவ்வளவுதான் ரகசியம். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. முதல் வருடம் வந்தவை 16 கார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை வரைந்தவர் ஹாரி பிராட்லி, ஜெனரல் மோட்டார்ஸில் நிஜக் கார்களை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். மறுவருடமே மேட்ச்பாக்ஸும் அலறியடித்துக்கொண்டு 'சூப்பர்ஃபாஸ்ட்' என்று வேகச் சக்கரத்துக்கு மாறியது. போட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும். (1997-இல் மேட்டல் மேட்ச்பாக்ஸையும் வாங்கிவிட்டது, அது வேறு கதை.)

ஹாட் வீல்ஸோடு வந்த ஆரஞ்சு நிறத் தடம் இருக்கிறதே, பெரியவர்கள் உள்ளே நுழைவது அந்த இடத்தில்தான். நாற்காலி மேல் ஒரு முனையை வைத்து, நடுவில் ஒரு வளையம் போட்டு, மேலிருந்து காரை விடுவார்கள். பாதி வளையத்தில் கார் தொப்பென்று விழும். பிள்ளை சிரிக்கும், அப்பாவுக்கு ரோஷம் வரும். ஒரு புத்தகம் வைத்து உயர்த்துவார், இன்னொன்று வைப்பார். கணக்கு இதுதான்: வளையத்தின் உயரம் 20 செ.மீ. என்றால், உராய்வே இல்லாவிட்டாலும் குறைந்தது 25 செ.மீ. உயரத்திலிருந்து காரை விட வேண்டும். நிஜத்தில் உராய்வு உண்டு, அதனால் இன்னும் கொஞ்சம் மேலே. காமர்ஸ் மாணவர்களுக்கே புரிகிற இயற்பியல்! பரீட்சை பயமில்லாமல் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து கண்டுபிடிக்கிற விஷயம் வேறு எத்தனை இருக்கிறது?

மூன்றாவது, சாயல். இதில் கில்லாடி ஜப்பானின் டோமிகா. 1970-இல் ஆறு கார்களோடு தொடங்கியது. அதுவரை ஜப்பானியப் பிள்ளைகள் கையிலிருந்த சின்னக் கார்கள் பெரும்பாலும் வெளிநாட்டு மாடல்கள். டோமிகா கொண்டு வந்ததோ புளூபேர்ட், கொரோனா, கிரவுன் என்று அந்த ஊர்த் தெருவில் ஓடிய கார்கள். அதாவது வாசலில் நிற்கும் அப்பாவின் கார் பிள்ளையின் கைக்கு வந்துவிட்டது. கதவு திறக்கும், மேலே அழுத்தினால் நிஜக் கார் போலக் குலுங்கும். ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டுமல்ல, குப்பை லாரி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, மண் அள்ளும் இயந்திரம் எல்லாம் உண்டு. நூறு கோடி ரூபாய் சொகுசுக் காரைப் பற்றி எந்த அப்பாவாலும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச முடியாது. குப்பை லாரி எப்படி வேலை செய்கிறது என்று அரை மணி நேரம் பேசலாம். அம்மாவும் பேசலாம். 2020-இல் டோமிகாவுக்கு ஐம்பது வயது நிறைந்தது. அங்கே தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் பொதுவான பொம்மை அது.

இனி வருத்தமான பகுதி. 1995-இல் ஹாட் வீல்ஸ் 'டிரெஷர் ஹன்ட்' என்று ஒரு வரிசையைத் தொடங்கியது. மற்ற கார்களோடு அதே கொக்கியில் தொங்கும், ஆனால் மிகக் குறைந்த எண்ணிக்கையில்தான் தயாராகும். விளைவு? கடை திறக்கும்போதே வளர்ந்த ஆட்கள் வந்து அட்டை அட்டையாகப் புரட்டிப் பார்த்து எடுத்துப் போகிறார்கள். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைக்கு மிச்சம் மீதிதான். கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை சில வருடங்களில் வேறு ஆசைக்குப் போய்விடும், சம்பளம் வாங்கும் சேகரிப்பாளர் முப்பது வருடம் வாங்குவார். வியாபாரக் கணக்கு சரிதான். வீட்டுக் கணக்குதான் உதைக்கிறது.

காரணம், அட்டையைக் கிழித்த அடுத்த நொடியே அந்தக் காரின் மறுவிற்பனை மதிப்பு சரிந்துவிடும். மற்ற சொத்துகளுக்கு ஓட ஓடத்தான் தேய்மானம், இதற்கு மட்டும் ஓடுவதற்கு முன்பே! அதனால் அப்பாவின் அலமாரியில் நூறு கார், மகன் கையில் ஒன்றும் இல்லை. "பிரிக்கலாமா அப்பா?" என்று கேட்டால் "தொடாதே". அந்தச் சக்கரத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்ட பொறியாளர்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

இந்தச் சண்டையில் பாதிக்குக் காரணம் அந்த அட்டை. கார் மேல் பிளாஸ்டிக் கூட்டை ஒட்டி, கொக்கியில் தொங்கவிடும் அட்டை அது. கடைக்காரருக்கு வசதி. கிழிக்காமல் காரைத் தொட முடியாது. பழைய மேட்ச்பாக்ஸ் அப்படி வரவில்லை. தீப்பெட்டி போன்ற சின்ன அட்டைப் பெட்டியில் வந்தது. டோமிகா அடிப்படைக் கார்கள் பெட்டியில்தான் வருகின்றன. மூடியைத் திறந்து எடுக்கலாம், விளையாடலாம், இரவு திரும்ப உள்ளே வைக்கலாம். பிள்ளைக்கு அதுவே ஒரு கராஜ். 2015-இல் பெரியவர்களை மனதில் வைத்து 'டோமிகா பிரீமியம்' தொடங்கியபோதும் பெட்டி கறுப்பானதே தவிர, திறந்து மூடும் பெட்டியாகவே இருந்தது. பாட்டி காலத்து வெற்றிலைப் பெட்டி போல, எத்தனை தடவை திறந்தாலும் கெட்டுப் போகாத பெட்டி! பொம்மையின் வடிவமைப்பைப் பேசுகிறவர்கள் பெட்டியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

சேகரிக்கிற அப்பாக்களுக்கு ஒரு யோசனை. பெயிண்ட் உதிர்ந்த, பெட்டி தொலைந்த பழைய கார்கள் பெட்டியோடு இருப்பவற்றைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சக்கரம் நன்றாகவே ஓடும், இன்னொரு கீறல் விழுந்தால் நஷ்டமும் இல்லை. ஆனால் ஐம்பது, அறுபது வருடப் பழசு என்றால் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. எதையும் வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுக்க வேண்டாம். மூன்று வயது தாண்டும்வரை சக்கரம் கழன்றுவராத பெரிய மர வண்டியே போதும்.