தலைமையும் வளர்ப்பும்

ஒரு கல்லூரி தன் யூபிலி விழாவைக் கொண்டாடுங்கால், தான் வளர்த்த மக்களை எண்ணிப் பார்த்து மகிழ்தல் இயல்பே. நீதியரசர் இத்துணையர், வைத்திய கலாநிதிகள் இத்துணையர், பொறியியலாளர் இத்துணையர், பாராளுமன்றம் புகுந்தோர் இத்துணையர் எனக் கணக்கெடுத்து, 'தலைவர்களை ஆக்கித் தந்த கல்லூரி' என்று நம்மை நாமே வாழ்த்திக்கொள்கின்றோம். அவ்வாழ்த்திற் பொய் ஏதுமில்லை. ஆயினும், கணக்கெடுக்கும் முறையில் எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. பதவி வகித்தோரையெல்லாம் தலைவர் எனக் கொள்வோமாயின், பதவியை விட்டிறங்கிய மறுநாள் அவர்களை எவ்வாறு அழைப்பது? நாற்காலியும் காரும் காவலாளும் நீங்கிய பின்னரும் ஒருவர் சொல்லுக்கு ஊரார் செவிசாய்ப்பராயின், நாற்காலியாற் பெறாத ஏதோ ஒன்று அவரிடம் இருந்திருத்தல் வேண்டும். அஃது எங்கே விளைந்தது, யார் விதைத்தது என்பதே ஈண்டு நான் ஆராய விரும்புவது.

இவ்விழாவை ஒட்டி மாணவர்க்குத் தலைமைத்துவப் பயிற்சி அளித்தல் வேண்டும் என்றொரு யோசனை நம் சங்கக் கூட்டத்தில் எழுந்தது. அதுவே என்னை எழுதத் தூண்டிற்று. கொழும்பிலிருந்து வல்லுநர் ஒருவரை அழைத்து, இரண்டு நாள், காலை முதல் மாலை வரை, மேடையிற் பேசும் வகையும் பிறரை இணங்கச் செய்யும் வகையும் கற்பிக்கலாம் என்றனர். நல்லெண்ணத்தாற் பிறந்த யோசனைதான். இரண்டு நாளில் மேடைக் கூச்சம் தீரலாம். தலைமை வந்துவிடும் என்று மட்டும் நான் நம்பவில்லை.

நாம் அனைவரும் அறிந்த ஒரு வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1848ஆம் ஆண்டில் நல்லூர் ஆறுமுகம் என்னும் இளைஞருக்கு வயது இருபத்தைந்து. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மத்திய பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராய் அமர்ந்தவர். பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் உற்ற துணைவர். ஆங்கிலம் கற்ற ஓர் இளைஞருக்கு அக்காலத்தில் அதனினும் பாதுகாப்பான நிலை அரிது. 1847ஆம் ஆண்டின் இறுதியில் அவர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். சில மாதங்கள் பகலில் மிஷன் பாடசாலை, வெள்ளிக்கிழமை மாலையிற் கோயில் என இரண்டும் நடந்தன. இரண்டும் ஒருங்கே நடத்தல் தகாது என்று அவருக்கே தோன்றிற்று. ஒருவர் சோற்றை உண்டு, அவர் நோக்கத்துக்கு மாறாகப் பணிபுரிதல் நேர்மையன்று என்பது அவர் கொண்ட முடிவு. 1848இற் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிற்று.

அவர் பிரசங்கத்தைக் கேட்டோர் பலர். பேச்சு நன்று என்று தலையசைத்துவிட்டு வீடு சென்றோரும் அவருட் பலராய் இருந்திருப்பர். பேச்சை நம்பிப் பிள்ளையை அனுப்புவதும் காணி கொடுப்பதும் பணம் கொடுப்பதும் வேறு. அந்நம்பிக்கை, பேசியவர் தம் பேச்சுக்குரிய விலையைத் தாமே முதலிற் கொடுத்துவிட்டார் என்று கண்ட பின்னரே வரும். தலைவர்கள் தம்மைப் பின்பற்றுவோரிடம் தியாகம் கேட்பது நாடோறும் நாம் காணும் காட்சி. தம் வீட்டிலிருந்து அதைத் தொடங்குவோர் எத்துணையர் என்பதே கேள்வி.

நிற்க. இத்துணிவு அவருக்கு இருபத்தைந்தாம் வயதிற் திடீரென வந்ததன்று. தந்தையார் கந்தப்பிள்ளை தமிழ்ப் புலமை வாய்ந்தவர். அவர் முற்றுப்பெறாது விட்டுச்சென்ற நாடக நூலொன்றை, ஒன்பது வயதுச் சிறுவனாகிய மகன் நிறைவு செய்தார் என்பர். தந்தை விட்ட வேலையை முடித்தல் தன் கடன் என்று எண்ணும் பிள்ளையை எந்தப் பயிற்சிப் பாசறை ஆக்கித் தரும்? பின்னர் இருபாலைச் சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் பாடங்கேட்டார். ஏட்டில் ஒரு பிழை நேரினும் திருத்தும்வரை அடுத்த பாடத்துக்குச் செல்லாத கல்வி அக்காலத்துக் கல்வி. இது வளர்ப்பின் ஒரு பாதி.

மறுபாதியை நாம் வசதியாக மறந்துவிடுகின்றோம். மணியடித்து வகுப்புத் தொடங்கும் ஒழுங்கு, வகுப்பு வாரியாகப் படிப்படியே உயரும் பாடநூல், அச்சுப் பொறியின் பயன், எளிய உரைநடையாற் பொதுமக்களை அடையும் வழி ஆகிய இவையெல்லாம் அவர் மிஷன் பாடசாலையிற் கண்டவை. பிற்காலத்தில் அவர் இயற்றிய பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும், நிறுவிய அச்சுக்கூடத்தையும் நோக்குவார்க்கு இது விளங்கும். தாம் எதிர்த்தவர்களிடமிருந்தே கற்றுக்கொள்ளும் பெருந்தன்மை அவருக்கு இருந்தது. எதிரியிடம் நல்லதொன்றைக் கண்டால் ஒப்புக்கொள்ள நாணும் இக்காலத்து அரசியலாளர், நாவலர் சிலைக்கு மாலை சூட்டுமுன் இதனைச் சிறிது எண்ணிப்பார்த்தல் நன்று.

அவர் எப்பதவியும் வகித்தவர் அல்லர். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திற் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளின் பசி தீர்க்க முற்பட்டதும் எந்த அரசாங்கத்தின் ஆணையாலும் அன்று. 1879இல் அவர் மறைந்தார். அவர் மறைந்த பின்னர் நடந்ததையே நான் முக்கியமாகக் கருதுகின்றேன். 1888இற் சைவபரிபாலன சபை எழுந்தது. 1890இல் அச்சபை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தலாயிற்று. பின்னர் ஊர்தோறும் எழுந்த இந்துக் கல்லூரிகளுக்கும் அவ்வழியே முன்மாதிரி. தலைவர் இல்லாத இடத்தில் வேலை நின்றுவிடவில்லை.

இவ்வளவும் கூறியவன் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையன்று. வளர்ப்பு வன்மையைத் தருவதுபோலவே குருட்டையும் தரும். நாவலர் தம் காலத்துச் சாதி ஒழுக்கத்தை ஏற்றுக்கொண்டவர். அவர் கட்டிய கல்விக்கூடத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. பொன்னம்பலம் இராமநாதனும் அத்தகையரே. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் இராணுவச் சட்டத்தாற் துன்புற்ற சிங்கள மக்களுக்காகச் சட்டநிரூபண சபையில் வாதாடி, கடல் கடந்து இலண்டன் சென்று முறையிட்டவர், சர்வசன வாக்குரிமை வேண்டாம் என்றும் நின்றார். அவர் மறைந்த மறு ஆண்டே, 1931இல், அவ்வுரிமை வந்துவிட்டது. அவர் வாதம் மறைந்தது. அவர் 1913இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கென நிறுவிய கல்லூரி நிலைத்தது. திருநெல்வேலியில் அவர் எழுப்பிய பரமேசுவராக் கல்லூரி வளவில் 1974இற் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிற்று.

ஆதலின், நல்ல குடியிற் பிறந்து நன்றாக வளர்க்கப்படுதல் மட்டும் போதாது. தன்னை வளர்த்தோரிடத்திலேயே குறை காணின் அதனைத் திருத்த முற்படும் துணிவும் வேண்டும். இதற்கு எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஹன்டி பேரின்பநாயகம் அவர்கள். 1899இல் மானிப்பாயிற் கிறித்தவக் குடும்பமொன்றிற் பிறந்தவர். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் பயின்று, அங்கே ஆசிரியரானவர். இருபத்தைந்து வயதில், 1924இல், அவரும் நண்பர்களும் தொடங்கிய மாணவர் காங்கிரசே பின்னர் இளைஞர் காங்கிரஸ் ஆயிற்று. சமாசனம், சமபோசனம் என்னும் சொற்கள் யாழ்ப்பாணத்திற் பெரியோர் பலருக்கு நஞ்சாய் ஒலித்த காலம் அது. பள்ளிக்கூடத்திற் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்கலாம் என்றதற்காகப் பாடசாலைக் கொட்டகைகளுக்குத் தீ வைத்தவர்கள் நம்மவரே. அக்காலத்தில் மாத வேதனத்தில் வாழும் ஓர் ஆசிரியர், தம் வகுப்பிற் பிள்ளைகளை அமர்த்திய பெற்றோரின் மனம் கோணும் என்று தெரிந்தும் அச்சொற்களை உரத்துக் கூறினார். 1927இல் மகாத்மா காந்தி அவர்கள் யாழ்ப்பாணம் வந்ததும் அவ்விளைஞர்களின் முயற்சியாலேயே.

1931ஆம் ஆண்டுத் தேர்தற் பகிஷ்காரத்தைப் பற்றி இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. அது பிழையான வழி என்பதே என் எண்ணம். பிரதிநிதி இல்லாத மூன்று ஆண்டுகளின் இழப்பு சிறிதன்று. ஆனால் பதவியோ பணமோ இல்லாத ஆசிரியரும் மாணவரும் சொன்ன சொல்லுக்கு, பதவிக்குத் தகுதியும் ஆசையும் உடைய பெரியோர் வேட்புமனுக் கொடாது நின்றார்கள் என்பதை மறுக்க இயலாது. அச்செல்வாக்கைப் பின்னர் அவர் விலைபேசவில்லை. 1947இற் பாராளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார், வகுப்பறைக்கே திரும்பினார். 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார். கிறித்தவக் குடும்பத்திற் பிறந்த ஒருவரை இந்துக் கல்லூரியொன்று தன் தலைமைக்கு ஏற்றுக்கொண்டது என்பது அவர்க்கு மட்டுமன்றி அக்கல்லூரியாருக்கும் பெருமை.

எல்லாம் பழங்கதை என்று மாணவர் எண்ணல் ஆகாது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, மூட்டையும் பிள்ளையுமாய்ச் சென்ற ஆசிரியர்கள் சென்ற இடத்திற் கொட்டிலிலும் மரநிழலிலும் வகுப்புத் தொடங்கினர். கரும்பலகை இல்லை, சிலரிடம் மாற்றுடையும் இல்லை. எவரும் அவர்களுக்குக் கட்டளையிடவில்லை. அவர்களுள் எவர் பெயரும் நம் விழா மலரின் தலைவர் பட்டியலில் இடம்பெறப் போவதில்லை. அப்பட்டியலைப் பற்றிய என் ஐயத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, இன்றைய வளர்ப்பைப் பற்றிச் சிறிது. நம் பெற்றோர் பிள்ளைகளை நேசிப்பதிற் குறைவில்லை. விடியற்காலையிற் தனியார் கல்வி நிலையம், பகலிற் கல்லூரி, மாலையில் மீண்டும் கல்வி நிலையம் என்று பிள்ளையைச் சைக்கிளிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் சுமக்கின்றார்கள். பிள்ளை தானாகச் சுமக்க ஒன்றும் இல்லை. கிணற்றில் நாலு வாளி தண்ணீர் அள்ளுவதற்கும் சோதனையைக் காரணங்காட்டி விலக்கு அளிக்கப்படுகின்றது. பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் ஏ பெறுகின்றான். வீட்டில் ஒரு சாவு நிகழ்ந்தால் யாருக்கு அறிவிப்பது, எதை முதலிற் செய்வது என்று தெரியாது நிற்கின்றான். கல்லூரியிலோ, மாணவ முதல்வர்க்குச் சின்னமும் கழுத்துப்பட்டியும் உண்டு. அவர் பிழைவிட்டால் பொறுப்பேற்பவர் ஆசிரியர். பிழைவிட இடமில்லாத பொறுப்பு எத்தகைய பொறுப்பு?

நான் விடுதிச்சாலையில் வளர்ந்தவன். அங்கே மாதந்தோறும் இரு மாணவர் சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்தல் வேண்டும். சந்தைக்குச் செல்வதும் காசு கொடுப்பதும் அவர்கள் பொறுப்பே. என் முறை வந்த மாதத்தில், ஊருக்குப் போக பஸ் காசு இல்லை என்று அழுத நண்பனொருவனுக்கு அப்பணத்திலிருந்து கடன் கொடுத்தேன். அவன் திருப்பித் தரவில்லை. மாத முடிவிற் கணக்குக் குறைந்தது. விடுதிப் பொறுப்பாசிரியரிடம் சென்று, வீட்டிலிருந்து வாங்கிக் கட்டிவிடுகிறேன் என்றேன். அவர் ஏசவில்லை. "கட்டத்தான் வேணும். அதுக்கு முதல், இண்டைக்கு இராச் சாப்பாட்டில உன்ர கணக்கை நீயே எழும்பி வாசி, தம்பி," என்றார். எழுபது மாணவர் முன் எழுந்து, குறைந்த தொகையையும் காரணத்தையும் நண்பன் பெயர் கூறாது வாசித்தேன். கைகள் நடுங்கின. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின், பந்தியின் கடைசியிலிருந்து ஒருவன், "சாம்பாரில பருப்பைக் காணாததுக்குக் காரணம் இப்பதான் விளங்குது," என்றான். விடுதி முழுவதும் சிரித்தது; நானும் சிரித்தேன். அடுத்த மாதமும் கணக்கை என்னிடமே தந்தார் அந்த ஆசிரியர். தண்டனையினும் அதுவே என்னை மாற்றிற்று.

அவ்வாசிரியர் இன்று இல்லை. மாணவர் கணக்குப் பார்க்கும் வழக்கமும் நின்று பல்லாண்டுகள் ஆகின்றன. நின்றதற்குக் கூறப்படும் காரணம், பணம் குறைந்துவிடும் என்பது. குறையத்தான் செய்யும்.

இரண்டு நாட் பயிற்சி நடக்கட்டும். நான் குறுக்கே நிற்கமாட்டேன். அதனோடு சங்கச் செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோளை எழுத்தில் கொடுத்திருக்கின்றேன். யூபிலி மதிய போசனத்துக்கு நாம் சேர்த்துள்ள பணத்தை உயர்தர வகுப்பு மாணவர் நால்வரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அரிசி, மரக்கறி, வாழையிலை, சமையற்காரர் கூலி யாவற்றையும் அவர்களே பேசித் தீர்க்கட்டும். பந்தி முடிந்தபின், பழைய மாணவராகிய நாம் கைகழுவி வந்து அமர்ந்திருக்க, அவர்களுள் ஒருவன் எழுந்து கணக்கை வாசிப்பான். தொகை குறைந்திருந்தால் அதையும் வாசிப்பான். அவ்வேளையில் நம்மில் எவரும் பணப்பையை எடுத்து அவனைக் காப்பாற்ற முற்படலாகாது என்பதை மட்டும் இப்போதே கேட்டுக்கொள்கின்றேன்.