"ஹலால் கப்பல்" என்று போஸ்டரில் போட்டால் போதுமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கோபம் வந்தால் வாசித்து முடித்த பிறகு கோபப்படுங்கள்.

சில காலமாக நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரே மாதிரியான போஸ்டர்கள் சுற்றி வருகின்றன. நீலக் கடல், வெள்ளைக் கப்பல், நீர்ச்சறுக்கில் ஒரு குடும்பம். "சிங்கப்பூரிலிருந்து ஹலால் கப்பல் பயணம். 3 இரவுகள். சில இடங்கள் மட்டுமே உள்ளன." கீழே இருபது "மாஷா அல்லாஹ்", பத்து "விபரம் இன்பொக்ஸ்".

எந்தக் கப்பல் என்று ஒருவர் கேட்கவில்லை. எந்தக் கம்பனி, எந்தத் துறைமுகங்கள், எந்தச் சமையலறை ஹலால், மொத்தமாகக் கை கடிக்கும் தொகை எவ்வளவு என்றும் கேட்கவில்லை.

நமக்குக் கேள்வி கேட்கத் தெரியாதா? குர்பானுக்கு ஆடு வாங்கப் போனால் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம். பழைய ஆட்டோ வாங்குவதென்றால் மெக்கானிக்கை முன்னால் கூட்டிக்கொண்டு போகிறோம். மாப்பிள்ளை பார்த்தால் மூன்று தலைமுறையை விசாரிக்கிறோம். ஆனால் பல இலட்சம் ரூபாவைக் கொட்டிக் குடும்பத்தோடு நடுக்கடலுக்குப் போகும்போது மட்டும் போஸ்டரை நம்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். கப்பலில் உல்லாசப் பயணம் போவதே பாவம் என்று சொல்ல நாம் வரவில்லை. இந்த நாட்டு முஸ்லிம்களின் கதையே கடலில் தொடங்கிய கதைதான். நம் முன்னோர் கப்பலேறி வியாபாரம் செய்தார்கள், கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போனார்கள். ஹலாலான உழைப்பில் மிச்சம் பிடித்து மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு போகிறவரை யாரும் குறை சொல்ல முடியாது. நாம் பேசுவது தெரிவு செய்யும் விதத்தைப் பற்றி.

*ஹலால் என்ற சொல்*

இந்தச் சொல்லுக்காக நாம் பட்ட பாட்டை அதற்குள் மறந்து விட்டோமா? 2013ஆம் ஆண்டு இந்த நாட்டில் ஹலால் சின்னத்துக்கு எதிராக மேடை போட்டுக் கத்தினார்கள். கடைசியில் உள்நாட்டுப் பொருட்களிலிருந்து அந்தச் சின்னத்தை விலக்கிக்கொள்வதாக ஜம்இய்யத்துல் உலமா அறிவிக்க வேண்டி வந்தது. அன்று ஒரு பிஸ்கட் பக்கற்றைத் திருப்பிப் பார்த்து வாங்குவதற்கே நம் பெண்கள் கடையில் தயங்கினார்கள். அவ்வளவு விலை கொடுத்துக் காப்பாற்றிய சொல்லை இன்று டிக்கெட் விற்கிறவர் இலவசமாக எடுத்துப் போஸ்டரில் ஒட்டுகிறார். நாமும் "மாஷா அல்லாஹ்" போடுகிறோம்.

உண்மை நிலை என்ன? சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கெந்திங் ட்ரீம் என்ற கப்பலுக்கு, இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு நாடுகளின் தர நிர்ணய முறைப்படி "ஹலாலுக்கு உகந்தது" என்ற சான்று கிடைத்திருக்கிறது. இது நல்ல விடயம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சான்றினால் அக்கப்பல் முழுவதும் ஹலால் ஆகிவிடாது. முஸ்லிம் பயணிக்கு ஹலால் உணவும் தேவையான வசதிகளும் உண்டு என்பதுதான் அதன் பொருள். அதே கப்பலில் மதுச்சாலையும் இருக்கிறது, கசினோவும் இருக்கிறது. 2025 வரை அதை நடத்திய ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் என்ற பெயரே கெந்திங் குழுமத்தின் பெயர்; மலேசியாவின் கெந்திங் மலையில் கசினோ நடத்தி வளர்ந்த குழுமம் அது.

இன்னொரு வகையும் உண்டு. 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து ஓடத் தொடங்கிய சவூதியின் அரோயா கப்பல். அதில் மதுவே கிடையாது. தொழுகைக்கு இடம் உண்டு, பெண்களுக்கெனத் தனி இடங்கள் உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், அரோயா முன்பு வேர்ல்ட் ட்ரீம் என்ற பெயரில் ஓடிய கப்பல். கெந்திங் ட்ரீமின் சோடிக் கப்பல். ஒரே கட்டுமானம், ஒரே அளவு. கப்பலின் குணத்தை அதை நடத்துகிறவர்தான் தீர்மானிக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்து விற்பது ஏமாற்று. கசினோ உள்ள கப்பலில் போவதா இல்லையா என்பது ஒவ்வொரு குடும்பமும் அல்லாஹ்வுக்குப் பயந்து எடுக்க வேண்டிய முடிவு. கசினோ இல்லாத ஹொட்டலில்தான் தங்க வேண்டும் என்றால் சிலருக்குக் கொழும்பில்கூடக் கஷ்டம், அது நமக்கும் தெரியும். ஆனால் முடிவெடுக்க வேண்டுமானால் உண்மை தெரிந்திருக்க வேண்டும். உண்மையை மறைத்து விற்கிறவர் அந்த முடிவை நம்மிடமிருந்து பறித்து விடுகிறார்.

*போஸ்டரில் இல்லாத காசு*

போஸ்டரில் உள்ளது அறையின் விலை மட்டும். கட்டுநாயக்காவிலிருந்து விமான டிக்கெட் வேறு. கப்பல் புறப்படும் நாளுக்கு முதல் நாளே போய்ச் சேர வேண்டும் என்பதால் சிங்கப்பூரில் ஓர் இரவு ஹொட்டல் வேறு. இணையம் வேறு. கரையிறங்கிச் சுற்றிப் பார்க்க பஸ் வேறு. துறைமுக வரி வேறாக இருக்கலாம்.

அதற்கு மேல் ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம். பெரிய கம்பனிகள் பலவற்றில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டொலர் வரை அறவிடுகிறார்கள், பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே. நான்கு பேர், மூன்று நாள், 15 டொலர் என்று வைத்தால் 180 டொலர். டொலர் 300 ரூபா என்றால் 54,000 ரூபா. இது போஸ்டரில் எங்கே இருக்கிறது?

இதற்குச் சில முகவர்கள் சொல்லும் ஆலோசனை இன்னும் கேவலம். "கவலைப்படாதீங்க, கடைசி நாள் கவுன்டருக்குப் போய் டிப்ஸை வெட்டச் சொல்லலாம்" என்கிறார்களாம். யாருடைய காசை வெட்டுகிறோம்? நம் பிள்ளை சிந்திய சோற்றைக் கூட்டியவரின் காசை, நம் கட்டிலை விரித்தவரின் காசை. கப்பல்களில் அந்த வேலை செய்கிறவர்களில் நம் நாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் கொரோனாக் காலத்தில் எம்.எஸ்.சி. மேக்னிஃபிகா கொழும்புக்கு வந்தபோது, அதில் வேலை செய்த இலங்கைச் சமையல்காரர் ஒருவர் சொந்த நாட்டில் இறங்கவே வீடியோவில் கெஞ்ச வேண்டி வந்தது. தொழிலாளியின் கூலியைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று மிம்பரில் கேட்டுத் தலையாட்டியவர்கள்தானே நாம்? கட்டணம் கொடுக்க முடியாதென்றால் பயணத்தைத் தள்ளிப் போடுவோம். கூலியில் கை வைக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. "இலகு தவணை, கிரெடிட் கார்ட் வசதி உண்டு." தவணைக்கு வட்டி உண்டா என்று கேட்டோமா? நகையை அடகு வைத்து, வட்டிக்குத் தவணை பிடித்து, அந்தக் காசில் ஏறிய கப்பலில் "கோழி ஹலாலா?" என்று வெயிட்டரிடம் கேட்கிறோம். கோழி ஹலால்தான். டிக்கெட்?

*பெரிய கப்பல் என்ற பெருமை*

"எங்கட கப்பல் 18 தட்டு" என்பது இப்போது ஒரு பெருமை. உலகத்தின் மிகப் பெரிய கப்பல்களில் ஒன்றான ரோயல் கரீபியனின் ஐகன் ஒஃப் த சீஸ் 2024இல் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கியது. சுமார் 248,000 தொன், 7,000க்கும் மேற்பட்ட பயணிகளுக்கு இடம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்த எம்பிரஸ் 1990இல் கட்டப்பட்டது. அதன் அளவு சுமார் 48,000 தொன். ஐந்து மடங்கு வித்தியாசம். இரண்டுக்கும் பெயர் உல்லாசக் கப்பல்தான்.

பெரிய கப்பலில் பிள்ளைகளுக்கு விளையாட்டு அதிகம், ஆட்டம் குறைவு. ஆனால் முழங்கால் வலியுள்ள உம்மும்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு 300 மீற்றருக்கு மேல் நீளமான கப்பலில் அறையிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்கு நடப்பதே ஒரு பயணம். மின்தூக்கிக்குப் பக்கத்தில், நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் அறை கேட்டால் அவருக்கு நடையும் குறையும், தலைச்சுற்றும் குறையும். இதை எந்த முகவராவது சொன்னாரா? ஜன்னலில்லாத உள்ளறையில் நான்கு பேர் என்றால் இரண்டு பேர் சுவரிலிருந்து இறக்கும் கட்டிலில் தூங்க வேண்டும். வயதுக்கு வந்த ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் உள்ள குடும்பத்துக்கு அது சரிவருமா? இரண்டு அறை எடுத்தால் விலை என்ன?

கைக்குழந்தை ஆறு மாதத்துக்குக் குறைவென்றால் பெரும்பாலான கம்பனிகள் ஏற்றாது. கர்ப்பிணி 24ஆவது வாரத்தைத் தொட்டால் ஏற்றாது. சிங்கப்பூருக்கு நமக்கு முன்கூட்டி விசா வேண்டியதில்லை என்பதை வைத்து, கப்பல் நிற்கும் எல்லாத் துறைமுகங்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்தால் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். கப்பலில் வைத்தியர் இருப்பார்; பில் டொலரில் வரும். காப்புறுதி இல்லாமல் ஏறக் கூடாது.

கம்பனியின் நிலையையும் பார்க்க வேண்டும். கெந்திங் ட்ரீம் முன்பு ஓடியது ட்ரீம் குரூசஸ் என்ற கம்பனியின் கீழ். அதன் தாய்க் கம்பனியான கெந்திங் ஹொங்கொங் 2022 ஜனவரியில் முறிந்து கலைப்புக்குப் போனது. முன்பணம் கட்டியவர்கள் தவித்தார்கள். அவ்வளவு பெரிய கம்பனிக்கே அந்த நிலை என்றால், பற்றுச்சீட்டில்லாமல் கையில் காசு வாங்கும் ஊர் ஏற்பாட்டாளர் எம்மாத்திரம்?

கப்பலில் ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைச் சிலர் செல்ஃபி நேரம் என்று நினைக்கிறார்கள். 2012 ஜனவரி 13இல் இத்தாலிக் கரையில் கொஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்கு அந்தப் பயிற்சியே இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் புறப்படும் முன் அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி நடத்த வேண்டும் என்று உலக விதியையே மாற்றினார்கள்.

*பிள்ளைகள்*

ஆசிரியர்களாகிய நாங்கள் இந்தப் பதிவை எழுதியதற்கு உண்மையான காரணம் இதுதான்.

முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறை நோன்போடு வருகிறது. நோன்பில் யாரும் கப்பலேற மாட்டார்கள். அதனால் தவணை நடக்கும்போதே பிள்ளையை நிறுத்திக் கூட்டிப் போகிறார்கள். லீவுக் கடிதத்தில் "காய்ச்சல்" என்று எழுதுகிறார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையின் படம் நீச்சல் தடாகத்தோடு பேஸ்புக்கில் வருகிறது. பயணத்தில் பிள்ளை என்ன கற்றதோ தெரியாது. வாப்பாவும் உம்மாவும் பொய் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள் என்பதைக் கற்றுவிட்டது.

வகுப்பில் அதே வாங்கில் பக்கத்தில் உட்காருவது யார்? உம்மா தையல் மெஷினில் இரவு இரண்டு மணி வரை அபாயா தைக்கும் பிள்ளை. வாப்பா கட்டாரில் இருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் பிள்ளை. "நீ இன்னும் கப்பல்ல போகல்லயா?" என்ற கேள்வி அந்தப் பிள்ளையிடம் கேட்கப்படுகிறது. அது வீட்டுக்குப் போய்க் கேட்கிறது. அந்த வாப்பா அடுத்த தவணைக்குக் கடன் பிடிக்கிறார். ஊரில் போஸ்டர் விற்பது இந்த வழியில்தான்.

போகிறவர்களைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. விடுமுறையில் போங்கள். தவணையில்தான் போக முடியும் என்றால் அதிபரிடம் உண்மையைச் சொல்லி லீவு கேளுங்கள். படங்களைக் குடும்பக் குழுமத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

"சேர்மாருக்குப் பொறாமை" என்று கொமென்ட் வரும், தெரியும். ஆசிரியர் சம்பளத்தில் கப்பல் எட்டாது என்பது இரகசியமல்ல. ஆனால் பொறாமைக்காரன் கேட்டாலும் கணக்குக் கணக்குத்தான். 54,000 ரூபா 54,000 ரூபாதான்.

"நல்ல முறையில் நடத்தும் ஏற்பாட்டாளர்களும் இருக்கிறார்களே" என்றும் சொல்வீர்கள். இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பதிவு உதவிதான். கீழே உள்ளதை அவர்களிடம் கேட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

அடுத்த போஸ்டர் வந்ததும் "மாஷா அல்லாஹ்" போடுவதற்கு முன் இதை அப்படியே கொப்பி செய்து கீழே போடுங்கள்:

1. கப்பலின் பெயர் என்ன, நடத்தும் கம்பனி எது?
2. ஹலால் சான்று யார் கொடுத்தது? முழுக் கப்பலுக்கா, குறிப்பிட்ட சமையலறைக்கா? மது, கசினோ உண்டா?
3. வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவு வரை நான்கு பேருக்கு மொத்தச் செலவு எவ்வளவு?
4. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் விசா நிலை என்ன?
5. பயணம் இரத்தானால் காசு எத்தனை நாளில், யாரிடமிருந்து திரும்பும்? பற்றுச்சீட்டு யார் பெயரில்?
6. காப்புறுதி உண்டா, மருத்துவச் செலவும் அதில் அடங்குமா?
7. தவணைக் கட்டணத்தில் வட்டி உண்டா?

கப்பலில் கசர், ஜம்உ, கிப்லா பற்றிய சந்தேகங்களை ஊர் ஆலிமிடம் கேளுங்கள். டிக்கெட் விற்கிறவரிடம் ஃபத்வா கேட்க வேண்டாம்.

ஏழு கேள்விக்கும் எழுத்தில் பதில் தருகிறவரிடம் காசைக் கொடுங்கள். "இன்பொக்ஸ் வாங்க" என்கிறவரிடம் போகாதீர்கள். பகிர விரும்புகிறவர்கள் அனுமதி கேட்காமல் பகிரலாம்.

நமது சம்பாத்தியத்திலும் செலவிலும் பயணத்திலும் அல்லாஹ் பரகத் செய்வானாக.