துருப்பிடித்த திருகாணியும் சட்டத்தின் ஒரு சொற்றொடரும்

தமிழகத்தில் ஆயுத பூஜை கொண்டாடப்படும் நாளை மகாராஷ்டிரத்தில் 'கண்டே நவமி' என்பர். புனேயின் பழைய வாடாக்களில் வாளையும் கேடயத்தையும் துடைத்துப் பூசைக்கு வைக்கும் நாள் அது. பாட்டனார் காலத்துத் துப்பாக்கி எஞ்சியிருக்கும் குடும்பங்களில் அதுவும் பரணிலிருந்து இறங்கும். விசை அசையாது; திருகாணி திரும்பாது. எண்ணெய், சுத்தியல், சூடு என்று வழிசொல்லும் காணொளிகளுக்கு இன்று பஞ்சமில்லை. வீட்டிலேயே கழற்றிவிடலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. அது மூன்று வகையில் தவறானது.

முதலாவது, பொருளின் இயல்பு. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பெருகுகிறது. திருகாணியின் மரைகளுக்கு இடையே அத்துரு ஆப்புப் போல இறுகிவிடுகிறது. வலிந்து திருப்பினால் திருகாணியின் தலை சிதையும். சூடேற்றினால், கடினப்படுத்தப்பட்ட மேற்பரப்பு தன் உறுதியை இழக்கும். அமிலம் ஊற்றினால் துருவோடு உலோகமும் கரையும். செய்த பட்டறையின் முத்திரையும், சோதனைக் குறிகளும், படைப்பிரிவின் எண்ணும் அதனுடன் மறையும். வரலாற்றாய்வாளருக்கு அந்தத் துப்பாக்கி சுடுகிறதா என்பது பொருட்டே அன்று, அக்குறிகளே சான்று.

இரண்டாவது, உயிர். வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் பல, சுடப்படாமலேயே சுவரில் மாட்டப்பட்டவை. ஈரம் படாத கருமருந்து பல தலைமுறை கடந்தும் வெடிக்கும் தன்மையை இழப்பதில்லை. குழலுக்குள் என்ன இருக்கிறது என்று அறியாமல் அதன் மீது நெருப்பைக் காட்டுவது பழுதுபார்ப்பு ஆகாது.

மூன்றாவது, சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவில், துப்பாக்கியைத் தயாரிப்பதோடும் விற்பதோடும் சேர்த்துப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கோருகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், இதை மீறுவோருக்கான குறைந்தபட்சத் தண்டனை ஏழாண்டுச் சிறை. அது ஆயுள் வரை நீளலாம். 'ஓடாத துப்பாக்கிதானே' என்ற சமாதானம் இங்கே எடுபடாது. 45ஆம் பிரிவு தொன்மை மதிப்புடையவற்றுக்கும் பழுதானவற்றுக்கும் விலக்கு அளிப்பது உண்மை. ஆனால் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த இயலாதவற்றுக்கே அவ்விலக்கு. இச்சொற்றொடரின் விளைவு விந்தையானது: இறுகிய உறுப்பை வீட்டில் வெற்றிகரமாக விடுவித்தவர், அந்தத் துப்பாக்கி பழுதுபார்க்கத் தக்கதுதான் என்பதைத் தம் கையாலேயே மெய்ப்பிக்கிறார். அவரது திறமையே அவருக்கு எதிரான சாட்சியாகிறது.

இச்சட்டத்தின் ஐயத்திற்கு வரலாறு உண்டு. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் குடிமக்களை நம்பாத காலனி அரசு இயற்றியது. 1897 ஜூன் 22 அன்று, புனேயின் கணேஷ்கிண்ட் சாலையில் பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டபோது அந்த அச்சம் மேலும் வலுத்திருக்கும். விடுதலை பெற்ற நாடும் உரிம முறையைக் கைவிடவில்லை. துப்பாக்கிக் குற்றங்களைக் காணும்போது அதைக் குறைகூறவும் இயலாது.

எனினும் ஒரு நியாயமான வினா எஞ்சுகிறது. துருவேறி அழியட்டும் என்று விட்டுவிடுவதா? உரிமம் பெற்ற கைவினைஞரிடம் கொடுக்கலாம். ஆனால் அவரது தொழில் துப்பாக்கியை இயங்கவைப்பது, சான்றுகளைக் காப்பதன்று. சட்டம் தண்டனையைத் தெளிவாகச் சொல்கிறது. பாதுகாக்க விரும்பும் எளிய குடும்பத்திற்கு வழியை அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. இந்த இடைவெளியில்தான் சுத்தியல் நுழைகிறது.

இடைவெளியை நிரப்பும் வசதி புனேக்கு உண்டு. தினகர் கேல்கர் (1896–1990), மறைந்த தம் மகன் ராஜாவின் நினைவாக, விளக்கு, பாக்குவெட்டி, கதவு என்று வீட்டுப் பொருள்களையே தேடிச் சேர்த்து ஓர் அருங்காட்சியகத்தை உருவாக்கிய நகரம் இது. தொல்லியலுக்குப் பெயர்பெற்ற டெக்கான் கல்லூரி இங்கே இருக்கிறது. 1854இல் தொடங்கிய பொறியியல் கல்லூரியில் உலோகவியல் துறை இருக்கிறது. 1869 முதல் கட்கியில் வெடிபொருள் தொழிற்சாலை இயங்குகிறது. காவல் ஆணையரகத்தின் இசைவோடு இவை கைகோத்து, ஆண்டுக்கொரு முறையேனும், இத்தகைய துப்பாக்கிகளை ஆவணப்படுத்தும் முகாம் நடத்தலாம். ஊடுகதிர்ப் படம் எடுத்தால் குழலுக்குள் மருந்து இருக்கிறதா, மரை எவ்வளவு அரித்திருக்கிறது என்பவற்றை ஒரு திருகாணியையும் தொடாமலே பெரிதும் அறியலாம். எதைக் கழற்ற வேண்டும், எதைக் கழற்றவே கூடாது என்பதை அதன் பிறகு வல்லுநர் முடிவு செய்யட்டும்.

முகாமுக்கு வருவோர் தண்டனைக்கு அஞ்சாமல் வர முடிய வேண்டும் என்பதே இதன் முதல் நிபந்தனை. உரிமம் காலாவதியான துப்பாக்கியை மறைத்து வைத்திருக்கும் குடும்பம், வழக்கு வரும் என்றால் அதை ஒருபோதும் வெளியே கொண்டுவராது. அதுவரை, அக்குடும்பம் செய்யத் தக்கது ஒன்றுதான்: துப்பாக்கியை நெருப்புக்கும் சுத்தியலுக்கும் எட்டாத உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, உரிமத்தின் நிலையை வழக்கறிஞர் ஒருவரிடம் முதலில் கேட்டறிவது. திருகாணி காத்திருக்கும்.