பெட்டி நிரம்பிருச்சாம்!

மன்னவனூரில் பூண்டு விவசாயம் பார்க்கும் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஒரு ராத்திரி காட்டெருமைகள் இறங்கி, தோட்டத்தை மிதித்துத் துவம்சம் பண்ணிவிட்டன. மகன் செல்போனில் போட்டோ எடுத்து, மனுவோடு சேர்த்து ஓர் அலுவலகத்துக்கு இ-மெயில் அனுப்பினான். போன வேகத்தில் திரும்பி வந்தது. இங்கிலீஷில் இருந்ததைப் படித்துச் சொல்லச் சொன்னார். ‘பெறுபவரின் பெட்டி நிரம்பிவிட்டது’ என்றேன்.

“நிரம்புனா எடுத்துப் படிக்கணும்ல தம்பி?”

அதைத்தான் நானும் கேட்கிறேன்.

சர்வரில் ஆளுக்கு இவ்வளவு இடம் என்று கோட்டா வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. டிஸ்க் என்ன அட்சய பாத்திரமா? 2004 ஏப்ரல் 1-ம் தேதி ஜிமெயில் 1 ஜி.பி. தருவதாகச் சொன்னபோது பலர் ஏப்ரல் ஃபூல் என்றே நினைத்தார்கள். அப்போது ஹாட்மெயிலில் கிடைத்தது 2 எம்.பி.! அந்தத் தாராளப் பிரபுவே 2013-ல் மெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. என்று கோடு போட்டுவிட்டார்.

என் சண்டை வேறு. பொதுமக்கள் மனு அனுப்பும் முகவரிக்கும், பொங்கல் வாழ்த்து வாங்கும் முகவரிக்கும் ஒரே கோட்டாவா? ‘நிரம்பப் போகிறது’ என்ற எச்சரிக்கை எங்கே போகிறது தெரியுமா? பெரும்பாலும் அதே பெட்டிக்கு. அதைத்தான் யாரும் திறப்பதே இல்லையே!

இன்னொரு கூத்தும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 13-வது பிரிவு. ‘இதற்கு அனுப்புங்கள்’ என்று ஒரு முகவரியைக் குறித்துக் கொடுத்திருந்தால், அந்தக் கம்ப்யூட்டருக்குள் மெயில் நுழையும் நேரம்தான் அது கிடைத்த நேரம். நுழையவே இல்லையென்றால்? நான் பி.காம். படித்தவன். வரவில் ஏறாததற்கு யாரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதாவது, பெட்டியைக் குப்பையாக வைத்திருப்பவருக்கே லாபம்!

சரிபண்ணப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். மெயில்களை அளவுவாரியாக அடுக்கிப் பாருங்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை சில கொழுத்த அட்டாச்மென்ட்கள்தான். அவற்றை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள் (அழித்துத் தொலைக்காதீர்கள், அதில் யாரோ ஒருவரின் தோட்டம் இருக்கும்). 80 சதவிகிதம் தொட்டதும் மேலதிகாரிக்கும் எச்சரிக்கை போகட்டும். அப்படியும் நிரம்பிவிட்டால், ‘பிறகு வா’ என்று சொல்லவும் சர்வருக்குத் தெரியும். அனுப்பிய சர்வர் நாலைந்து நாள் விடாமல் முட்டிப் பார்க்கும். அதற்குள் ஒருவர்கூடவா பெட்டியைத் திறக்க மாட்டார்? அதை விட்டுவிட்டு, வந்ததுமே துரத்துவது என்ன நியாயம்?

பெரியவர் மறுநாள் வேலையைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்துக் கொடைக்கானல் போனார். சுமார் 35 கிலோமீட்டர் மலைப்பாதை. போட்டோக்களைப் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு போய் நீட்டியிருக்கிறார். வாங்கிக்கொண்டவர் கேட்டாராம்:

“இதுக்கு எதுக்குப் பெரியவரே நேர்ல வந்தீங்க? ஒரு மெயில் தட்டிவிட்டிருக்கலாமே!”