ரெண்டு மிதி மிதிச்சா பிடிக்கும்!

எங்க வீட்டு வண்டி 2007 மாடல் மாருதி 800. யாராவது இரவல் கேட்டா அப்பா சாவியோட ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுப்பார். "பிரேக் கொஞ்சம் உள்ள போகும், ரெண்டு மிதி மிதிச்சா பிடிக்கும்." பின் கதவுக் கண்ணாடியைக் கையால தூக்கணும், ஹாரனை ஓரமா அமுக்கினாத்தான் அடிக்கும்ங்கற லிஸ்ட்ல இதுவும் ஒண்ணு. நானும் வருஷக்கணக்கா அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். இன்ஜினியரிங் படிச்சவன்னு வெளியில சொல்லிடாதீங்க :-)

போன தைப்பூச சமயம், மதுராந்தகத்துலேர்ந்து ஜி.எஸ்.டி. ரோட்டுல தெற்கே போறேன். மேல்மருவத்தூர் நெருங்கும்போது செவ்வாடைக் கூட்டம் ரோட்டைக் கடக்குது. பிரேக்கை மிதிச்சேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடுச்சு. ரெண்டாவது மிதியில பிடிச்சுது. பம்பருக்கும் ஒரு அம்மாவுக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும். அந்தம்மா திட்டினதை இங்க எழுத முடியாது, ஆனா அத்தனையும் நியாயம்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 60 கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். ரெண்டாவது மிதிக்கு அரை செகண்ட் ஆகும்னு வெச்சா 8 மீட்டர். ரெண்டு மாருதி 800-ஐ வரிசையா நிறுத்தினாலும் இடம் மிச்சம் இருக்கும். அவ்வளவு தூரம் வண்டிக்கு பிரேக்கே கிடையாது. இதைத்தான் நாம "கொஞ்சம் உள்ள போகும்"னு செல்லமா சொல்லிக்கிட்டிருக்கோம்.

காரணம் ரொம்ப சின்னது: காத்து. ரெண்டு மாசம் முன்னாடி பின் சக்கரத்துல வீல் சிலிண்டர் லீக்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல மாத்தினோம். லைனைக் கழட்டினா காத்து உள்ள போகும், அதை முழுசா எடுக்கணும். எடுக்கலை. ஏற்கெனவே சுமாரா இருந்த பெடல் இன்னும் மோசமாச்சு. கேட்டதுக்கு, "வயசான வண்டி சார், ரெண்டு மிதி மிதிச்சா பிடிக்கும்"னு பதில் வந்துது. அப்பா சொல்ற அதே வாக்கியம்!

பிரேக் லைன்ல இருக்கற திரவத்தை அமுக்கினா சுருங்காது, காத்து சுருங்கும். மாஸ்டர் சிலிண்டர் விட்டம் 20 மி.மீ.னு வெச்சுக்குங்க. உள்ள 1 சி.சி. காத்து இருந்தா, அழுத்தத்துல அது ஏறக்குறைய ஒண்ணுமில்லாம சுருங்கிடும். அதைச் சுருக்கவே பிஸ்டன் 3 மி.மீ.க்கு மேல நகரணும். பெடல் லிவர் கணக்கு 4 மடங்குன்னா, காலுக்கு அரை இன்ச் வீண். 1 சி.சி.ங்கறது டீ ஸ்பூன்ல அஞ்சுல ஒரு பங்கு!

பெடல் உள்ள போனாலே காத்துதான்னு முடிவு பண்ணிடவும் கூடாது. பஞ்சு மாதிரி மெத்துன்னு இருந்தா காத்து. ரொம்ப உள்ள போய் ரெண்டாவது மிதியில மேல வந்து கெட்டியா நின்னா, பின் டிரம்முல ஷூ இடைவெளி அதிகமா இருக்கலாம், அட்ஜஸ்ட் பண்ணணும். காலை அழுத்தியே வெச்சிருக்கும்போது மெதுவா இறங்கிக்கிட்டே போனா எங்கேயோ லீக், இல்ல மாஸ்டர் சிலிண்டர் சீல் போச்சு. அந்த வண்டியை எடுக்கவே கூடாது.

இப்ப என் கட்சிக்கு வரேன். பிரேக்ல காத்து எடுக்கறதை வண்டி வெச்சிருக்கற ஒவ்வொருத்தரும் ஒரு தடவையாவது வீட்டு வாசல்ல செஞ்சு பார்க்கணும். காசு மிச்சம் பண்றதுக்காக இல்ல. ஒரு தடவை கையால செஞ்சவன் மெத்துன்னு இருக்கற பெடலை அதுக்கப்புறம் பொறுத்துக்க மாட்டான். மெக்கானிக்கிட்டயும் சரியான கேள்வி கேப்பான்.

தேவையானது: நிப்பிளுக்குச் சரியான அளவு ரிங் ஸ்பேனர், உள்ள தெரியற பிளாஸ்டிக் டியூப், ஒரு பாட்டில், சீல் உடைக்காத புது பிரேக் ஆயில், அப்புறம் ஒரு அப்பா. வண்டியை ஜாக்கியில மட்டும் நம்பி விடாம ஸ்டாண்டு கொடுங்க. தரையில இருக்கற சக்கரத்துக்குக் கட்டை வைங்க. டியூபோட ஒரு முனை நிப்பிள்ல, மறு முனை பாட்டில்ல இருக்கற ஆயிலுக்குள்ள.

"மிதிங்கப்பா... புடிங்க." நான் நிப்பிளைக் கால் சுத்து திறப்பேன். குமிழ் குமிழா வரும். நான் மூடற வரைக்கும் அவர் காலை எடுக்கக் கூடாது, எடுத்தா காத்து திரும்ப உள்ள இழுத்துக்கும். மூடினப்புறம் "விடுங்க." இதேதான், குமிழ் நிக்கற வரைக்கும். "டேய், சீக்கிரம் சொல்லுடா, கால் வலிக்குது"ன்னார். நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல அவ்வளவு பேசினது எனக்கு ஞாபகமில்ல.

மூணு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, மேல டப்பாவுல ஆயில் வத்தவே விடாதீங்க, விட்டா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். ரெண்டு, பழைய வண்டின்னா பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வைங்க. வழக்கமா போகாத இடத்துக்கு பிஸ்டன் போனா அங்க இருக்கற துரு சீலைக் கிழிச்சுடும். மூணு, எந்தச் சக்கரம் முதல்ல? இணையத்துல பாக்கற அமெரிக்க வீடியோவுல "வலது பின் சக்கரம்"பாங்க. அங்க ஸ்டியரிங் இடது பக்கம், அதனால அதுதான் மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரம். நம்ம ஊர்ல ஸ்டியரிங் வலது பக்கம், தூரமானது இடது பின் சக்கரம். சில வண்டிக்கு வரிசை வேற, அந்த வண்டியோட சர்வீஸ் மேனுவலைப் பாக்கறதுதான் சரி.

இன்னொண்ணு. பிரேக் ஆயில்னு சொன்னாலும் அது ஆயில் இல்ல. கிளைக்கால் வகை திரவம். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊத்தினா ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போயிடும். இது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்தா அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிடும். டாட் 4-க்கு 230, 155. நம்ம கல்பாக்கம், மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் காத்துல ஈரத்துக்குப் பஞ்சமா? அந்த ஆயிலோட ஏற்காட்டு 20 கொண்டை ஊசி வளைவுல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா, சூட்டுல ஆவி கிளம்பி, காத்து புடிச்ச அதே கதைதான். இன்ஜின் ஆயிலைத் தேதி பாத்து மாத்தற நாம இதைக் கண்டுக்கறதே இல்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறது நல்லது.

"உயிர் சம்பந்தப்பட்டதுல கத்துக்குட்டி கை வைக்கலாமா?"னு மாமா கேட்டார். நல்ல கேள்வி. என் எல்லை இதுதான்: லீக், மாஸ்டர் சிலிண்டர், கிழிஞ்ச ஹோஸ், இதெல்லாம் மெக்கானிக் வேலை. ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள்ள காத்து போனா பல வண்டிகள்ல ஸ்கேனர் வேணும், வாசல்ல ஆகாது. 2019 ஏப்ரல்லேர்ந்து இங்க விக்கற கார் எல்லாத்துலயும் ஏ.பி.எஸ். கட்டாயம், அதனால புது வண்டிக்காரங்க டப்பாவை வத்த விடாம ஆயில் மாத்தறதோட நிறுத்திக்கணும். ஆனா வேலை தெரிஞ்சவர் செஞ்சாரா இல்லையான்னு சோதிக்க நம்ம கால் போதும். இன்ஜின் ஓடும்போது அழுத்தி அரை நிமிஷம் புடிங்க. இறங்காம கெட்டியா நிக்கணும். நிப்பிள்ல ஈரம் இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஆளில்லாத தெருவுல நடக்கற வேகத்துல ஓட்டிப் பாத்துட்டுத்தான் மெயின் ரோடு.

"ஏரி காத்த ராமர் இருக்கார், பாத்துப்பார்"னு பாட்டி சொல்லும். 1790-கள்ல மதுராந்தகம் ஏரிக்கரை உடையாம ராம லட்சுமணரே வில்லோட நின்னு காத்ததை கலெக்டர் பிளேஸ் பாத்ததா ஐதீகம். சரிதான். ஆனா அந்த பிளேஸ், செங்கல்பட்டு ஏரிகளைப் பழுது பாத்ததுக்கும் பேர் போனவர். ரெண்டையும் சேத்தே சொல்லணும் பாட்டி.

போன வாரம் சித்தப்பா பையன் வண்டி கேட்டான். அப்பா சாவியைக் கொடுத்துட்டு, "கண்ணாடியைக் கையால தூக்கணும்"னு மட்டும் சொன்னார்.

டிஸ்கி: பிரேக் ஆயில் பெயிண்டுல பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க. எங்க வண்டியோட இடது பக்கத்துல ஒரு உள்ளங்கை அளவு ஆதாரம் இருக்கு. உங்க வீட்டு வண்டி எத்தனை மிதியில பிடிக்குதுன்னு பின்னூட்டத்துல உண்மையைச் சொல்லுங்க மக்கா.