ஈரத் தானியமும் இணையச் சந்தையும்

டிஜிட்டல் சந்தைப்படுத்தல் என்றதும் எம் பெற்றோர் பலரின் நினைவுக்கு வருவது கைப்பேசியில் வந்து விழும் விளம்பரமும் அதில் முகங்காட்டிப் பேசும் பெண்ணுமே. "எங்கட பிள்ளைக்கு இது எதற்கு?" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அத்துறைக்கு இன்னொரு வாசலும் உண்டு. அந்த விளம்பரம் மனிதரை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து, அறிந்ததை விரிவுரை மண்டபத்தில் கற்பிக்கும் பணி அது. எமது மாணவிகள் அந்த வாசலால் நுழைய வேண்டும் என்பது என் கருத்து.

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தானியக் குவியலொன்றினுள் கையை நுழைத்தார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டார்கள். இச்சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இன்றைய சந்தையில் அந்த ஈரம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. காசு கொடுத்து எழுதுவித்த புகழுரை, பொருளைப் பாவித்தவர் சொன்னதுபோல வருகிறது. நாம் எதைத் தேடினோம் என்ற தகவல் நமக்குத் தெரியாமலே சேகரிக்கப்படுகிறது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே வந்தது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. குவியலுக்குள் கையை விட்டுப் பார்க்கத் தெரிந்தவர்களும் வேண்டும். ஆய்வாளர் செய்வது அதைத்தான்.

ஆய்வுக்குரிய கேள்விகள் எம் வாசலிலேயே கிடக்கின்றன. ரொறன்ரோவிலிருந்து மகன் பணம் செலுத்த, சாமான் யாழ்ப்பாணத்தில் உம்மாவின் கைக்கு வருகிறது. வாங்குபவர் ஒருவர், பாவிப்பவர் வேறொருவர். விற்பவர் யாருடைய மனதை அறிய வேண்டும்? வீட்டிலிருந்தே அபாயா தைத்து வட்ஸ்அப்பில் விற்கும் பெண்ணை, முகமறியாத வாடிக்கையாளர் எதைக்கொண்டு நம்புகிறார்? அமெரிக்கப் பாடநூலில் இதற்கு விடை தேடுவதைவிட, இத்தெருக்களை அறிந்த பெண்ணொருத்தி வீட்டு வாசல்களில் கேட்டறிவது மேல். பெண்களும் அவளிடம் மனந்திறந்து பேசுவார்கள்.

வழி நீண்டதுதான். உயர்தரத்தில் வணிகப் பிரிவு, நான்கு வருடச் சிறப்புப் பட்டம், நல்ல வகுப்புச் சித்தி, விரிவுரையாளர் பதவி, பின்னர் முதுமாணி, கலாநிதி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தலுக்கெனத் தனித் துறையே உண்டு. சோனகத் தெருவிலிருந்து திருநெல்வேலி தூரமில்லை. மாணவிகளே, ஆங்கிலத்துக்கும் புள்ளிவிபரவியலுக்கும் இப்போதே பயப்படாமல் பழகுங்கள். பெற்றோரே, பட்டம் முடிந்த கையோடு படிப்பை நிறுத்திவிடாதீர்கள். கலியாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கலியாணத்தோடு கல்வி நின்றுவிட வேண்டாம் என்கிறேன்.

1990 ஒக்டோபரில் எம்மவர் இம்மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டபோது கடைகளும் வீடுகளும் பின்னே நின்றுவிட்டன. கற்ற கல்வி மட்டுமே புத்தளம்வரை கூட வந்தது. எம் பிள்ளைகளுக்கு நாம் தேடி வைக்கும் சொத்து எதுவாக இருக்க வேண்டும் என்பதை அந்த அனுபவமே சொல்லித் தந்துவிட்டது. அன்னை கதீஜா (ரழி) அவர்கள் பெரும் வணிகர். அவர்களை மேடைதோறும் முன்மாதிரியாகப் போற்றும் நாம், நேர்மையான வணிகத்தைக் கற்பிக்கும் இடத்துக்கு எம் பெண்பிள்ளைகளை அனுப்ப ஏன் தயங்க வேண்டும்?